முள் இல்லாத தராசு

மஞ்சூர் பஜாரில் டீ குடித்துவிட்டுக் காரமடைப் பக்கம் வண்டியைத் திருப்பினால், கேட்காமலே ஓர் அறிவுரை கிடைக்கும். "செகண்ட் கியர்லயே இறக்குங்க சார். பிரேக்க நம்பாதீங்க." ஊருக்குக் கீழே கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு என்று சமவெளிக்கு இறங்குகிற அந்தச் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் குன்னூர் சாலை, கோத்தகிரி சாலை இரண்டுக்கும் அடுத்தபடியாக இதை மூன்றாவது மலைப்பாதை என்பார்கள். அகலம் குறைவு, ஆள் நடமாட்டம் அதைவிடக் குறைவு. யானை நடமாட்டம் மட்டும் தாராளம். அரசுப் பேருந்தை யானை மறித்த செய்தி இங்கிருந்து அடிக்கடி வரும்.

நான் அறிவுரையைக் கேட்டுத்தான் இறங்கினேன். ஆறேழு வளைவு தாண்டியதும் முன்பக்க இடது சக்கரத்தில் 'டொக்' என்றது. பிரேக்கை மிதித்தால் ஒரு டொக், காலை எடுத்தால் இன்னொன்று. கல் தெறித்திருக்கும் என்று இரண்டு வளைவுக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவதில் சமாதானம் தீர்ந்துபோனது. அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துச் சக்கரத்தின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிரேக் காலிப்பரைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று கால் அங்குலம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின வாரம்தான் சமவெளியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் டிஸ்க்கும் பேட்டும் மாற்றியிருந்தேன்.

செல்போனில் சிக்னல் இல்லை. மேலே ஏறிப் போன பிக்கப் வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பி, ஒரு மணி நேரம் கழித்து மஞ்சூரிலிருந்து பைக்கில் ஒரு மெக்கானிக் வந்து சேர்ந்தார். போல்ட்டைக் கழற்றினார், மரையைப் பார்த்தார், பிறகு காலிப்பர் உட்காரும் இரும்பு முகத்தை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டினார். துருச் செதிலும் காய்ந்த சேறும் உதிர்ந்தன.

"டைட் வச்சவரு பலசாலிதான் சார். ஆனா இரும்ப டைட் வைக்கல, இந்தத் துருவ டைட் வச்சிருக்காரு."

அந்த ஒரு வாக்கியத்தை விரித்துச் சொல்வதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் மலை. மஞ்சூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காரமடை சுமார் 400 மீட்டர். இடையில் 1,500 மீட்டருக்குக் குறையாத இறக்கம். ஐந்து பேர் ஏறிய சின்னக் கார் ஒன்றின் மொத்த எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,500 மீட்டர் இறங்குவதற்குள் அது இழக்கிற நிலையாற்றல் 1 கோடியே 76 லட்சம் ஜூல். மின்சார பில் கணக்கில் ஏறக்குறைய 5 யூனிட்.

மஞ்சூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை, ஊரைச் சுற்றி நடப்பதே இந்த வியாபாரம்தான். 1950களின் பிற்பகுதியில், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு உருவானது குந்தா நீர்மின் திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி பக்கத்துத் தண்ணீர் சுரங்கங்களிலும் இரும்புக் குழாய்களிலும் இறங்கி, குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒரு மின்நிலையத்தில் சுழற்றிய கையோடு அடுத்ததற்குப் போகிறது. ஒரு டன் தண்ணீர் 367 மீட்டர் விழுந்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கான ஆற்றல். அதே சரிவில் தண்ணீர் இறங்கினால் விளக்கு எரிகிறது. கார் இறங்கினால் மிஞ்சுவது வெறும் சூடு. எவ்வளவு சூடு? 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு.

இதையே வேகக் கணக்கில் பார்த்தால் இன்னும் உறைக்கும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் இறங்கும் சரிவில், வண்டியை 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டுமென்றால் தொடர்ந்து சுமார் 8 கிலோவாட் வெப்பத்தை எங்கேயாவது தள்ளியாக வேண்டும். எட்டு இஸ்திரிப் பெட்டிகள் சேர்ந்து காய்வதற்குச் சமம். செகண்ட் கியரில் இறக்கினால் அதில் பெரும்பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் ஏறக்குறைய எல்லாமே பிரேக் டிஸ்க்கின் தலையில். டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழசானபின் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி விட்டுக்கொடுக்கிறது. மஞ்சூர் பனியிலும் மழையிலும் ஈரத்துக்கா பஞ்சம்? ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. குமிழியை அமுக்கலாம், ஆகவே பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பஜாரில் கிடைத்த அறிவுரைக்குப் பின்னால் இவ்வளவு வெப்ப இயற்பியல் இருக்கிறது.

ஆனால் என் வண்டிக்கு நேர்ந்தது சூட்டால் வந்த கோளாறில்லை. பிரேக் நன்றாகவே பிடித்தது. பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டியதுதான் பிடிவிட்டிருந்தது.

டிஸ்க் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு வீட்டுக் காட்சியில் அடக்கிவிடலாம். சுற்றுகிற தட்டின் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் தட்டு நிற்கும். தட்டுதான் டிஸ்க். விரல்கள் பேட். கை, காலிப்பர். இந்த யோசனைக்கு இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செஸ்டர் 1902-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் வென்றபிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அரை நூற்றாண்டு தாமதம்! நம்மூர்ப் பழைய அம்பாசிடர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் டிரம்மோடுதான் மலை ஏறின.

விரல் உவமையில் ஒன்றை விட்டுவிட்டோம். தட்டைப் பிடித்தவுடன் தட்டு உங்கள் கையையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும். முழங்கை உறுதியாக இருந்தால்தான் தட்டு நிற்கும். காரில் அந்த முழங்கைதான் பிராக்கெட். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்கிற வார்ப்பு இரும்போடு அதை இரண்டு பெரிய போல்ட்டுகள் சேர்த்துப் பிடிக்கின்றன. பிராக்கெட்டின்மேல் காலிப்பர் இரண்டு வழுக்குப் பின்களில் முன்னும் பின்னும் நகரும். அந்தப் பின்களில் இரண்டு சிறிய போல்ட்டுகள். ஒரு சக்கரத்துக்கு மொத்தம் நாலு போல்ட். பேட் மட்டும் மாற்றினால் சின்னது இரண்டும், டிஸ்க்கும் மாற்றினால் நாலும் கழன்று திரும்ப ஏறும்.

பெரிய போல்ட்டுகளுக்கு எவ்வளவு சுமை? மேலே சொன்ன காரைக் கடுமையாகப் பிரேக் அடித்து நிறுத்தும்போது முன்சக்கரம் ஒவ்வொன்றும் தரையில் சுமார் 330 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இழுக்கும். டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர். பேட் பிடிக்கும் இடமோ அச்சிலிருந்து வெறும் 10 சென்டிமீட்டர். நெம்புகோல் தத்துவப்படி அந்த 330 கிலோ, பேட்டில் 900 கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது. காலிப்பரைப் பிய்த்துக்கொண்டு டிஸ்க்கோடு சுற்ற அழைக்கும் விசை அது. ஒவ்வொரு அவசர மிதிக்கும் ஒருமுறை, ரிவர்ஸில் எதிர்த்திசையில் ஒருமுறை.

போல்ட்டின் தண்டு குறுக்கே நின்று அந்த 900 கிலோவைத் தடுக்கிறது, ஆணியில் தொங்கும் காலண்டர் மாதிரி, என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பொறியாளர்கள் அப்படி வடிவமைப்பதில்லை. போல்ட் இரண்டு இரும்பு முகங்களையும் நசுக்குகிற மாதிரி சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் குறுக்கு விசையைத் தாங்குகிறது. புத்தக அடுக்கை இரு கைகளாலும் பக்கவாட்டில் அழுத்தித் தூக்குகிறோமே, நடுப் புத்தகங்கள் எதன் மேலும் உட்கார்ந்திருக்கவில்லை, ஆனாலும் விழுவதில்லை. அழுத்தம் தளர்ந்தால் மட்டுமே விழும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் "டைட் வைப்பதால்" என்பார்கள். டைட் என்றால் என்ன?

தேயிலைத் தோட்டத்தில் இலை எடை போடும் ஸ்பிரிங் தராசைப் பார்த்திருப்பீர்கள். கொக்கியில் மூட்டையைத் தொங்கவிட்டால் உள்ளேயிருக்கும் சுருள்கம்பி நீளும், முள் இறங்கும். இரட்டிப்பு எடைக்கு இரட்டிப்பு நீட்சி. இந்த விதியை ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டு, வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று காத்திருந்து, 1678-இல்தான் விடையை வெளியிட்டார். சுருள்கம்பிக்கு மட்டும் உரிய விதியில்லை இது. நேரான எஃகுத் தண்டும் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

போல்ட்டை இறுக்குவது என்றால் அதை இழுத்து நீட்டுவது. தலை ஒருபக்கம் முட்டிக்கொண்டு நிற்க, மரை மறுபக்கம் இழுக்க, நடுவில் தண்டு நீளுகிறது. நீண்ட தண்டு பழைய அளவுக்குச் சுருங்கத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் இரண்டு இரும்பையும் சேர்த்துப் பிடிக்கிறது. போல்ட் ஒரு ஸ்பிரிங் தராசு. முள் மட்டும் இல்லை.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இது எவ்வளவு நுட்பமான தராசு என்பது புரியும். பிராக்கெட் போல்ட்டாக 12 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல கார்களில் இவற்றுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு கேட்பார்கள். கணக்குக்கு 100 என்போம். உலர்ந்த, சுத்தமான மரையில் அந்த முறுக்கு தரும் இழுவிசை சுமார் 42,000 நியூட்டன். நாலு டன்னுக்கும் சற்று மேல். கெத்தைச் சாலையில் பேருந்தை மறிக்கும் ஆண் யானை ஒன்றின் எடை. அந்த யானையைத் தொங்கவிட்டால் 3 சென்டிமீட்டர் நீளத் தண்டு எவ்வளவு நீளும்? 0.07 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு தலைமயிரின் பருமன்.

உங்கள் பிரேக்கின் உறுதி மொத்தமும் அந்த ஒரு மயிரளவு நீட்சியில் இருக்கிறது.

போல்ட் இரண்டு. இரண்டும் சேர்ந்து 84,000 நியூட்டன் அழுத்துகின்றன. உலர்ந்த எஃகு முகங்களுக்கிடையே உராய்வுக் குணகத்தைச் சிக்கனமாக 0.15 என்று வைத்தால், வழுக்காமல் தாங்கும் விசை 12,600 நியூட்டன், அதாவது 1,280 கிலோ. கடும் பிரேக்கில் வரும் விசை 900-க்கு மேல். இடைவெளி இருக்கிறது, ஆனால் ஊதாரித்தனமாகச் செலவழிக்கிற அளவுக்கு இல்லை. அழுத்தம் பாதியாகக் குறைந்தால் கணக்கு தலைகீழ். (இது தோராயக் கணக்கு. வண்டிக்கு வண்டி எண்கள் மாறும்.)

இனி மரை. வீட்டில் கம்மலின் திருகைக் கையில் எடுத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு தண்டைச் சுற்றி ஏறும் மலைப்பாதை அது. ஒரு சாய்தளத்தை மலையைச் சுற்றிப் போட்டால் மஞ்சூர் சாலை, தண்டைச் சுற்றிப் போட்டால் மரை. நம் 12 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு சுற்றுக்குப் பாதையின் நீளம் 35 மில்லிமீட்டர், ஏற்றம் 1.25 மில்லிமீட்டர். 28-க்கு 1 என்ற சரிவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பற்சக்கரத்தில் ஏறும் நீலகிரி மலை ரயிலின் கடுஞ்சரிவு 12-க்கு 1. அதைவிட மரையின் சரிவு பாதிக்கும் குறைவு. சரிவு இவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் உராய்வே போல்ட்டைத் தானாகக் கழன்று வராமல் பிடித்து நிறுத்துகிறது, மேட்டில் கைபிரேக் போட்ட வண்டி மாதிரி.

அந்த உராய்வுக்கு நாம் விலையும் கொடுக்கிறோம். 25 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 41 கிலோ விசையோடு இழுத்தால் 100 நியூட்டன் மீட்டர். நம் கை ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் பயணம் செய்ய, போல்ட் 1.25 மில்லிமீட்டர்தான் முன்னேறும். உராய்வே இல்லாத உலகத்தில் அந்த 41 கிலோ, 50 டன் இழுவிசையாகியிருக்க வேண்டும். நிஜத்தில் வருவது 4 டன். மிச்சமெல்லாம் எங்கே? நாம் போடும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, போல்ட்டின் தலை கீழே உரசுவதில் போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரை உரசலில். நூறு ரூபாய் அனுப்பினால் வழிச்செலவு போகப் பத்து ரூபாய் வந்து சேர்கிற கதை.

வழிச்செலவு சற்றே குறைந்தாலும் கைக்கு வருவது தாறுமாறாக ஏறிவிடும் என்பதுதான் இதில் உள்ள வம்பு. நல்லெண்ணத்தில் மரையில் கிரீஸ் தடவி, அதே 100 நியூட்டன் மீட்டர் போட்டால் இழுவிசை ஒன்றரை மடங்குக்குப் போகலாம். போல்ட் தலையில் 8.8 என்று குத்தியிருந்தால், அந்த எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டனில் அறும், அதில் 80 சதவீதமான 640-இல் நிரந்தரமாக நீண்டுவிடும் என்று பொருள். நம் கணக்கில் உலர்ந்த மரையோடு தண்டில் வருவது சுமார் 450. கிரீஸ் போட்டால் 640-ஐத் தாண்டும். அப்படித் தாண்டிய போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது; ஸ்பிரிங் தராசில் மாட்டைத் தொங்கவிட்ட கதைதான். 10.9 என்று குத்தியிருந்தால் எல்லை இன்னும் உயரம். ஆகவே கிரீஸ் வழுக்குப் பின்களுக்கு, அதுவும் அதற்கென்றே விற்கும் வகை. தயாரிப்பாளர் சொன்னாலொழிய மரைக்கு ஒன்றும் வேண்டாம்.

மறுபக்கம் துருப்பிடித்த மரை. வழிச்செலவு கூடிவிடும். ஸ்பானர் 100 காட்டும், கை வலிக்கும், 'கிர்ர்' என்று சத்தமும் வரும். தண்டோ பாதிதான் நீண்டிருக்கும். இறுக்கியவர் மனநிறைவோடு வியர்வையைத் துடைத்துக்கொள்வார். கையில் உணர்வது முறுக்கை, வண்டிக்குத் தேவை இழுவிசை. இரண்டும் வேறு வேறு என்பதை மறந்தவரை அனுபவம்கூடக் காப்பாற்றாது. முப்பது வருட மெக்கானிக்கின் கைப்பழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு வேலையில் அந்தக் கையை நம்பி மலை இறங்கமாட்டேன்.

இப்போது மஞ்சூர் மெக்கானிக் சொன்ன துருவுக்கு வருவோம். அவர் காட்டியது மரைத் துரு இல்லை, இரண்டு இரும்பும் முகத்தோடு முகம் சேரும் இடத்தில் இருந்த துரு. குந்தா மலைகளில் துருவுக்குத் தீனி ஏராளம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வட்டாரம் இது. புதிதாக இறுக்கும்போது அந்தத் துருச் செதில் கெட்டியாகத்தான் இருக்கும். ஸ்பானருக்கு வித்தியாசம் தெரியாது. நாலு நாள் பிரேக் அடித்து அடித்து, சூடாகி ஆறி, செதில் பொடியாகி உதிரும். உதிர்ந்த கனம் வெறும் 0.02 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் நீட்சியே 0.07-ஐத் தொடவில்லையே! மயிரளவில் கால்பங்குக்கு மேல் சுருங்கிவிட்டால் நாலு டன் யானையில் ஒரு டன் காணாமல் போகும். யாரும் தொடவில்லை, போல்ட் ஒரு சுற்றும் திரும்பவில்லை. குட்டைப் போல்ட்டுகளில் இந்த இழப்பு இன்னும் மோசம், ஏனென்றால் அவற்றின் நீட்சியே குறைவு. காலிப்பர் போல்ட்டுகளோ எல்லாமே குட்டை.

இதற்குப் பிறகுதான் கழலும் படலம். அதிர்வால் போல்ட் கழலும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த அதிர்வால்? 1969-இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் இதற்கு ஒரு சோதனைப் பொறியே கட்டி விடை சொன்னார். போல்ட்டின் நீளவாக்கில் ஆட்டினால் கழல்வது அரிது. குறுக்குவாக்கில், பிடித்திருக்கும் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்படி ஆட்டினால், இறுக்கமான போல்ட்கூடச் சில நூறு ஆட்டத்தில் தானே சுழன்று வெளியே வருகிறது. காரணம் எளிது. சாய்த்த பலகையில் ஒரு பெட்டியை வையுங்கள், உராய்வால் நிற்கும். பெட்டியைப் பக்கவாட்டில் மட்டும் லேசாக ஆட்டுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவில் இறங்கும். பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியதும் உராய்வின் கவனமெல்லாம் அந்தப் பக்கம் போய்விடுகிறது, சரிவைக் காக்க ஆளில்லை. மரையும் சரிவுதான் என்பதை மேலே பார்த்தோம்.

காலிப்பர் பிராக்கெட்டுக்கு வரும் விசை அச்சு அசலாக யுங்கரின் குறுக்கு விசை. அழுத்தம் முழுதாக இருக்கும்வரை முகங்கள் வழுக்கா, போல்ட்டும் அசையாது. அழுத்தம் குறைந்து ஒருமுறை வழுக்கிவிட்டால் ஒவ்வொரு வளைவின் பிரேக்கும் போல்ட்டைக் கொஞ்சம் திருப்பும். திரும்பினால் அழுத்தம் மேலும் குறையும். என் வண்டியின் டொக், அப்படி முகங்கள் வழுக்கி முட்டிய சத்தம். காதில் அந்தச் சத்தம் விழுந்தால் அடுத்த வளைவு வரை பொறுக்காதீர்கள். போல்ட் முழுக்கக் கழன்றால் காலிப்பர் சாய்ந்து சக்கரத்தின் உள்விளிம்பில் இடிக்கும், பிரேக் ஆயில் ஹோஸ் அறுபடும்.

யுங்கரின் பொறி இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. வெட்டுப்பட்ட வளையம்போல் இருக்கும் ஸ்பிரிங் வாஷர், கழலாமல் காக்கும் என்று ஊரெல்லாம் நம்புகிறது. குறுக்கு ஆட்டத்தில் அது ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவுவதில்லை. நாலு டன்னில் அது முதல் நொடியிலேயே தட்டையாகிவிடுகிறது, பிறகு வெறும் வாஷர்தான். தயாரிப்பாளர்கள் இன்று நம்புவது சரியான இழுவிசையை. துணைக்குச் சில வண்டிகளில் மரையில் பூசி வரும் பசையை. பசை பூசி வரும் போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது, புதிது வாங்க வேண்டும் என்று பல மேனுவல்கள் கண்டிப்பாகச் சொல்கின்றன. "நல்லாத்தானே இருக்கு" என்று பழையதையே ஏற்றுவதில் மிச்சமாகும் தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

டார்க் ரெஞ்ச் பற்றி நாலு வார்த்தை. குறித்த முறுக்கு வந்ததும் 'கிளிக்' என்று கையில் தட்டும் நீளமான ஸ்பானர் அது. அதுவும் முறுக்கைத்தான் அளக்கிறது, நீட்சியை அல்ல. கவனமாகப் பயன்படுத்தினாலும் இழுவிசையில் 25, 30 சதவீதம் முன்பின் இருக்கும் என்பது பொறியியலில் ஒப்புக்கொண்ட கணக்கு. அப்படியானால் எதற்கு? பெருந்தவறுகளைத் தடுப்பதற்கு. சிறிய பின் போல்ட்டுகள் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர்தான். அவற்றுக்குப் பல சின்னக் கார்களில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் போதும். 25 சென்டிமீட்டர் ஸ்பானரில் 12 கிலோ விசை, ஒரு குடம் தண்ணீரின் கனம். பெரிய போல்ட்டுக்கு மூன்று குடத்துக்கும் மேல். பெரியதற்குரிய 100-ஐக் கைமறதியாகச் சின்னதில் போட்டால் தண்டில் சதுர மில்லிமீட்டருக்கு 1,700 நியூட்டன் வரும்; எந்த எஃகுப் போல்ட்டும் அதற்கு முன்பே அறுந்துவிடும். ஸ்பானருக்குப் பின்னால் பைப் மாட்டி ஏறி நிற்கும் வழக்கத்தைச் சொல்லவே வேண்டாம். 70 கிலோ ஆள் 80 சென்டிமீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் 550 நியூட்டன் மீட்டர். அடி பவுண்டில் எழுதிய எண்ணை நியூட்டன் மீட்டராகப் படிப்பதும், மாற்றிப் படிப்பதும் வேறொரு பொறி; ஒரு அடி பவுண்டு 1.36 நியூட்டன் மீட்டர், முதலாவதில் முறுக்கு கால்பங்குக்கு மேல் குறையும், இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும்.

டார்க் ரெஞ்ச் இல்லாத ஊரில் இலை எடை போடும் தராசே உதவும். ஸ்பானரின் நுனியில் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தாக இழுத்து, முள் 41 கிலோவைத் தொடும்போது நிறுத்தினால் 25 சென்டிமீட்டரில் 100 நியூட்டன் மீட்டர்தான். இயற்பியலுக்கு இரண்டும் ஒன்று.

அன்றைக்கு அந்த மெக்கானிக் செய்ததை அப்படியே சொல்கிறேன். இரண்டு முகங்களையும் கம்பி பிரஷால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்தார். நக்கிளின் மரைத் துளைக்குள்ளிருந்த குப்பையைச் சைக்கிள் பம்ப்பால் ஊதினார். கழன்ற போல்ட்டின் மரை நசுங்கியிருந்ததால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பையிலிருந்து அதே அளவு, அதே தர எண் உள்ள புதியதை எடுத்தார். இரண்டு போல்ட்டையும் விரலாலேயே கடைசிவரை ஏற்றிய பிறகுதான் ஸ்பானரைத் தொட்டார். மரை கோணலாக ஏறுகிறதா என்பது விரலுக்குத் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது. இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சை மெதுவாக, வெட்டி இழுக்காமல் ஒரே சீராகத் தள்ளினார். கிளிக். இரண்டாவது கிளிக் வேண்டாமா என்றேன். "ஒண்ணு போதும் சார், இன்னொண்ணு வச்சா அது வேற அளவு" என்றார். ரெஞ்ச்சின் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பிவிட்டுப் பைக்குள் வைத்தார். உள்ளே இருப்பதும் ஸ்பிரிங்தான், அதை அமுக்கியபடி தூங்கவைக்கக் கூடாது. போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இல்லாத முள்ளை அவர் பெயின்ட்டால் வரைந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. வண்டியை எடுக்கும் முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதிக்கச் சொன்னார்.

கோடு உடையவில்லை, காரமடையில் பார்த்தேன், மறுமாதமும் பார்த்தேன்.

உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் முன்பக்க பிரேக் பகுதியைத் தேடிப் பாருங்கள். பிராக்கெட் போல்ட்டுக்கு ஓர் எண்ணும் பின் போல்ட்டுக்கு வேறோர் எண்ணும் இருக்கும். இங்கே நான் சொன்ன 100-ம், 25 முதல் 35-ம் விளக்கத்துக்கு மட்டும். உங்களுக்குரியவை அங்கே இருப்பவை. அடுத்தமுறை பேட் மாற்றப் போகும்போது அந்த இரண்டு எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வேலை தொடங்கும் முன்பே மெக்கானிக் கையில் கொடுத்துவிடுங்கள்.